பரமநாதன் பேரில் ஒரு பாட்டு

வியாழக்கிழமை மத்தியானம் இசைத்தட்டு உறையின் மாதிரி மின்னஞ்சலில் வந்தது. முன்பக்கத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றின் திறந்த வாய். பின்பக்கத்தில் பாட்டின் பெயர், மூன்று நிமிடம் இருபத்தொரு விநாடி என்ற அளவு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: லுண்ட் / பரமநாதன்.

தக்சன் அந்தக் கடைசி வரியை மூன்று தரம் வாசித்தான். அவனுக்கு இருபத்துநாலு வயது. பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். எழுதியதற்காக அச்சில் பேர் வருவது இதுதான் முதல் தடவை. வந்திருந்ததோ அப்பாவின் பேர்.

ஊரில் யாருக்கும் குடும்பப் பேர் கிடையாது. நோர்வேப் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடமுடியாது. ஆகவே வந்தவர்கள் எல்லாரும் தகப்பன் பேரை எழுதி நிரப்பினார்கள். பள்ளிக்கூடமும் டொக்டரும் நூலகமும் தக்சனைப் பரமநாதன் என்றே கூப்பிட்டு வளர்த்தன. அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் இசைத்தட்டில் பாட்டு எழுதியவரின் முதற்பேர் போடுவதில்லை. தமிழர் யார் கையில் எடுத்துப் பார்த்தாலும் இந்தப் பாட்டை எழுதியவர் ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் பக்கம் இருக்கும் அவன் அப்பா பரமநாதன்தான்.

பாட்டின் பெயர் ‘அப்பா பேர்கனில்’. வில்லங்கம் அங்கேதான் இருந்தது.

பாட்டு நோர்வேஜிய மொழியில். பாடியவர்கள் ‘தோர்க்கெத்ரொம்மல்’ என்ற மூன்று பேர் கொண்ட குழு. துணி உலர்த்தும் இயந்திரம் என்பதுதான் அந்தப் பேருக்கும் பொருள். ஹோக்குனின் மாடிக் கட்டடத்துச் சலவை அறையில் பழகத் தொடங்கியதால் வந்த பேர். ஹோக்குன் லுண்ட் பாடுவான், மெட்டுப் போடுவான். இங்கெர் பேஸ் கிற்றார். தக்சன் சிந்தசைசரும் ட்ரம் மெசினும், பாட்டு வரிகளும். எண்பதுகளில் செய்து கைவிட்ட கருவிகளைத் தேடி வாங்கி, குரலில் சிரிப்போ அழுகையோ காட்டாமல் பாடுவதுதான் அவர்கள் பாணி. அதை நியூ வேவ் என்றார்கள். இருபத்தைந்து வருடம் பழசாகிப்போன புதுசு. 2007 தொடக்கத்தில் ஒஸ்லோவில் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். சின்ன நிறுவனம் ஒன்று முன்வந்து, ஏழு அங்குல இசைத்தட்டாக ஒரு பாட்டை வெளியிடுவோம் என்றது. திங்கள் மத்தியானத்துக்குள் கடைசி ஒலிப்பதிவும் உறையும் செக் நாட்டில் இருந்த தொழிற்சாலைக்குப் போகவேண்டும்.

இனி பேர்கன். நோர்வேயின் மேற்குக் கரையில், மழைக்குப் பேர்போன நகரம் அது.

2003 ஓகஸ்டில் ஒரு நாள் பரமநாதன் வேலைக்குப் போகவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தரையில் இருந்துவிட்டார். கேட்டதற்கு மறுமொழி சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்புலன்ஸ் வந்தது. ஒஸ்லோவின் வடக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி, மனநோய்ப் பிரிவு, நாலு மாதம்.

தக்சனின் அம்மா இந்திரா அன்றைக்குப் பின்னேரமே முடிவெடுத்துவிட்டாள். “விசர் எண்டு சொல்லிப்போடுவினம். அப்பா பேர்கனிலை, வேலைப் பயிற்சியிலை. விளங்கினதோ?” தக்சனுக்கு விளங்கியது. தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் எல்லாருக்கும் அதுவே மறுமொழி. இந்திரா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. ஒவ்வொரு காலையும் தொலைக்காட்சியில் பேர்கன் காலநிலையைப் பார்த்து வைத்துக்கொள்வாள். யாராவது “பரமநாதன் அண்ணை எப்பிடி?” என்றால், “அங்கை விடாத மழையாம், பாவம் மனிசன்” என்பாள். அதோடு நின்றாளா? ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் புகைபோட்ட மீன் வாங்கி, பேர்கனிலிருந்து வந்தது என்று நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வாங்கிச் சாப்பிட்ட ராசமலர், “ஒஸ்லோ மீனிலை இந்த ருசி வராது” என்று சொன்னது வீட்டில் ஒரு வருடத்துக்குப் பகிடியாக இருந்தது. பரமநாதன் திரும்பி வந்து, ஒரு வெதுப்பகத்தின் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்து, பகிடியும் பழசான பிறகு, யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அந்தப் பொய்யைத்தான் தக்சன் பாட்டாக்கினான். அப்பா பேர்கனில், அங்கே மழை, யார் கேட்டாலும் மழை. ஹோக்குன் அதற்கு ஒரு மெட்டுப் போட்டான். கேட்டவன் அன்றைக்கு முழுதும் முணுமுணுக்காமல் இருக்கமாட்டான், அப்படி ஒரு மெட்டு. இது என்ன கதை என்று குழுவில் கேட்டபோது, “வீட்டுப் பகிடி” என்று சொல்லி விட்டிருந்தான்.

இப்போது அந்தப் பகிடிக்குக் கீழே பரமநாதன் என்று இருந்தது. பேர்கன் கதையைக் கேட்டவர்கள் ஒஸ்லோவில் இருநூறு பேராவது இருப்பார்கள். அதில் ஒருவருடைய பிள்ளை வானொலியில் கேட்டு, உறையைப் பார்த்து, வீட்டில் சொன்னால் போதும். அந்தப் பொய் ஒரு கிழமை தாங்காது.

நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதினால் பேரை எடுத்துவிடுவார்கள். அந்த வரியை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் அழித்தான். படிப்பு இல்லை, நல்ல வேலை இல்லை, ரொம்மனில் வாடகைக்கு ஓர் அறை. அவன் செய்த காரியங்களில் உருப்படியானது இந்த மூன்று நிமிடம் இருபத்தொரு விநாடிதான். அதிலிருந்து அந்தப் பேரை எடுத்தால், எழுதியவன் என்று காட்ட வேறு பேர் அவனிடம் இல்லை.

சனிக்கிழமை காலை அம்மா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்து மோர்டென்ஸ்ருட்டுக்கு ரயில் ஏறினான்.

பரமநாதன் குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மகனைக் கண்டு கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“என்னடா, சனிக்கிழமையிலை? ஆரும் செத்துப்போச்சினமோ?”

“இல்லை அப்பா. ஒரு பாட்டுக் கேக்க வேணும் நீங்கள்.”

“உந்தப் பெட்டிப் பாட்டோ?”

“ஓம். தட்டாய் வரப்போகுது. வானொலியிலையும் போடுவாங்கள் போலை.”

தக்சன் கணினியைத் திறந்து, ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டிவிட்டான். வெங்காயக் கையோடு அவர் அசையாமல் இருந்தார். முதல் இருபது விநாடியில் முகத்தைச் சுளித்தார்.

“வோஷிங் மெசின் பழுதே?”

“அது ட்ரம் மெசின். கேளுங்கோ.”

கேட்டார். அவருடைய நோர்வேஜிய மொழி களஞ்சியத்து மொழி. ஆனால் இந்தப் பாட்டில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. பேர்கன் என்ற சொல் முதல் தடவை வந்த இடம் தக்சனுக்குத் தெரிந்தது. அப்பாவின் கை மேசையில் கிடந்த வெங்காயத் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியது. பாட்டு முடிந்ததும், “திரும்பப் போடு” என்றார். இரண்டாம் தரமும் முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றித் துடைத்து வைத்தார்.

தக்சன் அவசரமாகச் சொல்லத் தொடங்கினான். “அப்பா, உறையிலை குடும்பப் பேர் மட்டும்தான் போடுவாங்கள். உங்கடை பேர்தான் வருது. ஆக்கள் கண்டுபிடிச்சிடுவினம். நீங்கள் வேண்டாம் எண்டால் நான்...”

“கோரஸ் நல்லாயிருக்கு” என்றார் பரமநாதன்.

“என்ன?”

“அந்த மழை வாற இடம். கொம்மா கேட்டால் துள்ளுவா. அதை விடு. உண்மையாய் நடந்தது தானே. அவ சொன்னவ, ஆக்கள் நம்பினவை. நானும் ஆஸ்பத்திரியிலை இருந்துகொண்டு பேர்கனிலை என்ன மழை எண்டு ரிவியிலை பாக்கிறனான், வீட்டை போனாப் பிறகு ஆரும் கேட்டால் சொல்ல.” அவர் சிரித்தார், தொண்டையில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டது அந்தச் சிரிப்பு. “ரெண்டாம் சரணத்திலை ஒரு பொடியன் வாறானே.”

தக்சன் கணினியை மூடினான்.

“ஞாயிற்றுக்கிழமை ட்ராம் ஏறிக் கடைசித் தரிப்பு மட்டும் வாறான். பொக்கற்றுக்குள்ளை தோடம்பழம். தேப்பன் உரிக்கிறார். அவன் இருந்து கதைக்கிறான். ஜன்னலுக்கு வெளியாலை கடல்.”

“ஓம்.”

“அது ஆர்?”

“நான்தான், அப்பா. பாட்டிலை...”

“நீ வரேல்லையே.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாமான் பட்டியலில் ஒன்று குறைகிறது என்று சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

“அம்மா விடேல்லை” என்றான் தக்சன். “அங்கை உதயகுமாரி அன்ரி துப்பரவு வேலை செய்யிறா, ஆரும் போனால் கண்டிடுவா, ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும் எண்டு சொன்னவ.”

“உதயகுமாரி ஒவ்வொரு நாளும் என்ரை அறைக்கு வந்தவ. ரெண்டாம் நாளே கண்டிட்டா. நிலம் துடைச்சுப்போட்டு, கட்டில் ஓரத்திலை அஞ்சு நிமிசம் இருந்து கதைச்சிட்டுப் போறவ. ஒரு சனத்துக்கும் சொல்லேல்லை. கொம்மா குடுத்த மீனையும் வாங்கிச் சாப்பிட்டுப்போட்டு, பேர்கன் மீன் நல்லாயிருக்கு எண்டு கொம்மாவுக்கே சொன்னவ.” வெங்காயத்தைத் திரும்ப எடுத்தார். “ஜன்னலாலை கார் நிப்பாட்டுற இடம்தான் தெரிஞ்சது. கடல் ஒண்டும் இல்லை. அதைப் பற்றி எனக்கு ஒண்டும் இல்லை, பாட்டு எண்டால் கடல் வைக்கத்தான் வேணும். ஆனா அந்தப் பொடியன்...”

“அப்ப பேரை எடுக்கச் சொல்லவா?”

“பேர் இருக்கட்டும். அது என்ரை பேர்தானே, எனக்கென்ன வெக்கம். ஆனா என்ரை பேருக்கு மேலை அந்தப் பொடியன் வரக்கூடாது. பேர் வேணுமெண்டால் அவனை எடு. அவன் வேணுமெண்டால் பேரை எடு.” வெங்காயம் இரண்டாகப் பிளந்தது. “சாப்பிட்டிட்டுப் போறியோ?”

தக்சன் சாப்பிடவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு மூவரும் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்தார்கள். குறொன்லாண்டில் ஒரு மரக்கறிக் கடைக்குக் கீழே இருந்த நிலவறை அது. மேலே பெட்டி இழுக்கும் சத்தம் நின்றால்தான் குரல் பதியலாம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஒலிப்பதிவாளன் எய்விண்ட் காப்பிப் போத்தலோடு திரைக்கு முன்னால் இருந்தான். மிச்சம் இருந்த வேலை குரலையும் கருவிகளையும் ஒன்றோடொன்று அளவு பார்த்துச் சேர்ப்பது மட்டும்தான்.

“இரண்டாவது சரணத்தை மாற்றவேண்டும்” என்றான் தக்சன்.

ஹோக்குன் சிரித்தான். அவன் பகிடி என்றே நினைத்தான். பிறகு தக்சன் சொல்லத் தொடங்கினான். குளியலறை, நாலு மாதம், மீன், காலநிலை, தான் ஒருநாளும் போய்ப் பார்க்காதது எல்லாவற்றையும் சொன்னான். மீன் வந்த இடத்தில் எய்விண்ட் சிரித்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டான்.

“ஏன் போகவில்லை?” என்று இங்கெர் கேட்டாள்.

உதயகுமாரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். நேற்று அந்தச் சாட்டு வெங்காயத்தோடு சேர்ந்து வெட்டுப்பட்டது நினைவுக்கு வந்தது.

“தெரியாது” என்றான். “போக நேரம் இருந்தது.”

எய்விண்ட் கதிரையைச் சுழற்றித் திரையைப் பார்த்தான். கடைசியில் ஹோக்குன்தான், “சரி, என்ன எழுதியிருக்கிறாய், காட்டு” என்றான்.

தக்சன் கடதாசியை நீட்டினான். செப்டெம்பரில் ஒரு சிந்தசைசர் வாங்கினேன். ஒக்டோபரில் அதைப் பழகினேன். நவம்பரில் எனக்கு நேரம் இருந்தது. நான் வரவில்லை. ராத்திரி முழுக்க எழுதி, இந்த நாலு வரிதான் மிஞ்சியிருந்தது.

ஹோக்குன் வாசித்தான். “இதை நான் பாடமுடியாது. இது என்னுடைய கதை இல்லை. வேண்டுமானால் நீயே பாடு.”

தக்சன் ஒருநாளும் ஒலிவாங்கிக்கு முன்னால் பாடியவன் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். எய்விண்ட் மூன்று தரம் பதிந்தான். முதல் தரம் தாளம் பிந்தியது. இரண்டாம் தரம் ‘ஒக்டோபர்’ தொண்டையில் சிக்கியது. மூன்றாம் தரம் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது. குரல் மட்டும் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, வரமாட்டேன் என்று சொல்லும் ஆளின் குரல்.

வெளியே வந்ததும் எய்விண்ட் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினான். முதலில் பழையது. ட்ராம், தோடம்பழம், கடல், அதன்மேல் மழை வந்து இறங்க, காலே தானாக ஆடியது. பிறகு புதியது. நான் வரவில்லை என்று முடிந்து, அதன் பின்னால் அதே கோரஸ் வந்தபோது, அந்தக் கோரஸ் அதே பாட்டாக இருக்கவில்லை. யாரோ ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொய் சொல்வது போல இருந்தது.

“இதைக் கேட்டபிறகு ஒருவனும் ஆடமாட்டான்” என்றான் ஹோக்குன். “வானொலிக்காரர் ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். நண்பா, உன் அப்பாவின் கதை எனக்கு மனவருத்தம்தான். ஆனால் நாங்கள் செய்தது இந்தப் பாட்டை இல்லை.”

“எனக்குப் புதியதுதான் பிடிக்கிறது” என்றாள் இங்கெர்.

“ஆடமுடியாதே.”

“ஆடவேண்டாம். கேட்டுவிட்டுப் போகட்டும்.”

“இரண்டு வருடம் சலவை அறையில் இருந்தது, கேட்டுவிட்டுப் போகத்தானா?”

“நீ ஆடத் தெரியாதவன், ஹோக்குன். ஆட்டத்தைப் பற்றி நீ பேசாதே.”

எய்விண்ட் கையை உயர்த்தினான். “எனக்கு வாக்கு இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டேன்.”

ஆக ஒன்றுக்கு ஒன்று. மூவரும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள் எல்லாம் இரண்டு பேர் சொன்னபடிதான் நடக்கும். சலவை அறைக் காலத்திலிருந்து அது சட்டம். இங்கெர் தக்சனைப் பார்த்தாள். அவனுக்காகவே அவள் அந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதும், அவன் தன் வரிகளுக்குக் கைகொடுப்பான் என்று அவள் சந்தேகமில்லாமல் நம்புகிறாள் என்பதும் முகத்தில் தெரிந்தது.

தக்சன் இரண்டையும் திரும்பப் போடச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பழையது நல்ல பாட்டு. அதில் ஐயம் இல்லை. அந்தப் பொடியனை எல்லாருக்கும் பிடிக்கும். ட்ராமில் அவன் பக்கத்தில் ஏறி இருக்கத் தோன்றும். புதியதில் வருகிறவனோடு யாரும் ஒரு தரிப்புத்தூரம்கூடப் போகமாட்டார்கள்.

“பழையது” என்றான்.

“ஏன்?” என்றாள் இங்கெர்.

“காதுக்கு அதுதான் சரி.”

காது சொன்னதா, வேறு ஏதாவது சொன்னதா என்று அவன் தன்னைக் கேட்கவில்லை. இங்கெர் பேஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இனி வாசிக்க ஒன்றும் இல்லைத்தான். இருந்தாலும் பூட்டுகள் கொஞ்சம் பலமாகவே விழுந்தன.

“அப்படியானால் பேர்?” என்றான் ஹோக்குன்.

“எடுத்துவிடு. லுண்ட் மட்டும் போடு.”

“விசரா? வரி முழுக்க உன்னுடையது. உரிமைத்தொகை...”

“அதைக் குழுவின் பேரில் எழுது, என் பேர் வேண்டாம். நான் இப்போதே நிறுவனத்துக்கு எழுதுகிறேன்.”

எழுதினான். ஒரே வரி. இந்தத் தடவை அழிக்கவில்லை. பிறகு படியேறி வெளியே போனான். தெருவோரத்துப் பனி உருகி, கறுப்புத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. பூட்டின கடைக்கு முன்னால் நின்று வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தான். நல்லகாலம், அப்பாதான் எடுத்தார்.

“பேரை எடுத்தாச்சு, அப்பா.”

அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

“அப்ப பொடியன் இருக்கிறான்.”

“ஓம்.”

“சரி.”

“நான் மாத்திப் பாத்தனான். உண்மையாய். நானே பாடிப் பதிஞ்சனான், வரேல்லை எண்டு.”

“நீ பாடினனியோ?”

“ஓம்.”

“எப்பிடி இருந்தது?”

தக்சன் தண்ணீரைத் தாண்டி மற்றக் காலை வைத்தான். “நல்லா இல்லை.”

“நல்லா இருந்திராது” என்றார் பரமநாதன். அதைச் சொன்ன குரலில் குத்தலும் இல்லை, ஆறுதலும் இல்லை. “கொம்மா கூப்பிடுறா. வைக்கிறன்.”

வைத்துவிட்டார்.

தக்சன் கீழே இறங்கினான். இங்கெர் போய்விட்டிருந்தாள். ஹோக்குன் சுவரோரம் இருந்து அப்பிள் கடித்துக்கொண்டிருந்தான். திரையில் இரண்டாவது சரணம் நீலமும் பச்சையுமாக நீண்டு கிடந்தது. அவனுடைய மூன்று பதிவுகளும் திரையில் இல்லை; எங்கே போட்டாய் என்று அவன் எய்விண்டைக் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

“போடு.”

ட்ராம் வந்தது. தோடம்பழம் வந்தது. எய்விண்ட் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

“இந்த இடத்தில் என் சிந்தசைசர் சத்தம் கொஞ்சம் அதிகம்” என்றான் தக்சன். “குறை. சொல் தெளிவாகக் கேட்கவேண்டும்.”